அடுப்பைக் குறை சொல்லுமுன் விறகை நிறுத்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு விறகடுப்புகளைப் பற்றி அண்மையில் தங்கள் நாளிதழில் வெளிவந்த வாசகர் கடிதங்களைப் படித்தேன். ஒரு கைப்பிடி சுள்ளியில் ஒரு வேளைச் சமையலை முடித்துவிடலாம் என்று சொல்லி விற்கப்படும் இந்தத் தகரடுப்புகளும் சுடுமண் அடுப்புகளும் வாங்கிய சில வாரங்களிலேயே புகையத் தொடங்கிவிடுகின்றன என்பதே பெரும்பாலோரின் குறை. குறை உண்மைதான். ஆனால் பழியை அடுப்பின் தலையில் ஏற்றியதோடு நின்றுவிட்டார்கள். அதற்குள் எதை வைத்தோம் என்பதை ஒருவரும் எழுதவில்லை. குமரி மாவட்டத்தின் மேற்கோரத்தில், கேரள எல்லையை ஒட்டிய அருமனைப் பகுதியில் சிறிதளவு ரப்பரும் வீட்டைச் சுற்றித் தென்னையும் வைத்திருப்பவன் நான். எங்கள் அடுக்களையில் நான்கு ஆண்டுகளாக இத்தகைய அடுப்பொன்று எரிகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் வீட்டிலிருந்த விறகு தீர்ந்துபோகவே, எல்லைக்கு அப்பால் ஒரு விறகுக்கடையில் அரை டன் ரப்பர் விறகு வாங்கினேன். நன்றாகக் காய்ந்த விறகு என்றார் கடைக்காரர். தார்ப்பாய்கூட மூடாமல் மழையில் குவித்திருந்ததை என் கண்ணால் பார்த்தும் நான் வாதாடவில்லை; அன்று மாலை உலை வைக்க வீட்டில் விறகில்லை என்பதுதான் காரணம். அடுப்பில் வைத்ததும் ஒவ்வொரு துண்டின் வெட்டுமுனையிலும் நுரை கட்டிச் சீறியது. மறுநாள் ஒரு துண்டைத் தராசில் வைத்தேன்; 2 கிலோ 100 கிராம் இருந்தது. அதை அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைத்து, வாரத்துக்கு ஒருமுறை இறக்கி நிறுத்து, எடையைக் கரித்துண்டால் சுவரில் எழுதிவந்தேன். (சுவரைப் பாழாக்கியதற்காக வீட்டில் வாங்கிய ஏச்சு தனிக்கதை.) ஏழாவது வாரத்தில் எடை 1 கிலோ 300 கிராமுக்கு வந்து, அதற்குமேல் இறங்கவில்லை. அரை டன் விறகுக்கு நான் எண்ணிக் கொடுத்த பணத்தில், ஏறக்குறைய 190 கிலோ தண்ணீருக்கான விலையும் அடங்கியிருந்தது.

இதில் வியப்பு ஒன்றுமில்லை. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். நன்றாகக் காற்றாட உலர்ந்த மரத்தில் அது 15 முதல் 20 விழுக்காடு வரை குறையும். பாதி நீருள்ள ஒரு டன் பச்சை விறகில் 500 கிலோதான் மரம். 20 விழுக்காடு ஈரமுள்ள ஒரு டன்னில் 800 கிலோ மரம். இரண்டையும் ஒரே விலைக்கு எடை போட்டு விற்கும் வழக்கம் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிறது. முற்றிலும் உலர்ந்த மரம் கிலோவுக்குத் தோராயமாக 4,500 கிலோகலோரி வெப்பம் தரும். ஒரு கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்க 600 கிலோகலோரிக்கு மேல் செலவாகும். இவ்விரண்டையும் வைத்துக் கணக்கிட்டால், ஒரு கிலோ பச்சை விறகிலிருந்து கிடைக்கும் வெப்பம் ஒரு கிலோ உலர் விறகின் வெப்பத்தில் பாதிக்குச் சற்றே மேல்தான் வரும்.

ஆனால் அந்த நட்டத்தைவிடப் பெரிய கேடு வேறொன்று உண்டு; சிறிய அடுப்புக்காரர் அறிய வேண்டியது அதையே. மரம் சூடேறும்போது முதலில் ஆவியும் வாயுக்களும் பிரிகின்றன. அந்த வாயுக்கள் தீப்பற்றி எரிவதைத்தான் சுடர் என்கிறோம். தீயறையின் சூடு போதாமல் போனால் அவை எரியாமலே வெளியேறிப் புகையாகவும், பானையின் அடியில் படியும் தாராகவும் மாறுகின்றன. நெல் அவிக்கும் பெரிய அடுப்பிலோ திருவிழாச் சமையலுக்கு வெட்டும் கோட்டை அடுப்பிலோ கூடை கூடையாகக் கங்கு கிடக்கும். நனைந்த தடி ஒன்றைத் தள்ளினாலும் அந்தக் கங்கே அதை உலர்த்தி எரித்துவிடும். இரண்டு கையளவு தீ மட்டுமே இருக்கும் சிறிய அடுப்புக்கு அந்த இருப்பு கிடையாது. ஈர விறகு அதன் சூட்டை முதல் நிமிடத்திலேயே குடித்துவிடுகிறது. அடுப்பு எவ்வளவு நுட்பமாகச் செய்யப்பட்டிருக்கிறதோ அவ்வளவுக்கு அது விறகில் கண்டிப்பு காட்டும். நம் பாட்டிமாரின் மூன்று கல் அடுப்பு எதைக் கொடுத்தாலும் எரித்தது; எரித்த அளவுக்குக் கண்ணையும் நெஞ்சையும் கெடுத்தது. வீட்டுக்குள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருப்பதை, பழைய அடுப்பே நல்லது என்று எழுதிய வாசகர் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

எந்த மரம் நல்லது என்று என்னைக் கேட்போருக்கு நான் முதலில் சொல்வது, உலர்ந்த பிறகு எடைக்கு எடை எல்லா மரமும் கிட்டத்தட்ட ஒரே வெப்பத்தையே தருகின்றன என்பதுதான். வேறுபாடு அடர்த்தியில் இருக்கிறது. புளி, சவுக்கு போன்ற கனத்த மரங்கள் சிறிய தீயறைக்குள் நிறைய எரிபொருளை அடக்கி, நின்று எரியும். முருங்கை, ஒதி போன்றவை கையில் எடுத்தால் பஞ்சாக இருக்கும். ஒதி பெருத்தால் தூணாகுமா என்ற பழமொழிக்கு விறகிலும் இடமுண்டு, அதை எரிப்பவர் அடுப்படியை விட்டு எழுந்திருக்கவே முடியாது. எங்கள் பகுதியில் எளிதில் கிடைப்பது ரப்பர். சுமார் 25 முதல் 30 ஆண்டுகளில் பால் வற்றிய மரங்களை வெட்டும்போது, தடி பலகைக்கும் பிளைவுட்டுக்கும் போய்விட, கிளைகள் விறகாகின்றன. ரப்பர் விறகைத் தாழ்வாகப் பேசுவோர் பலர். நான் அப்படிக் கருதவில்லை. ஒழுங்காக உலர்ந்தால் அது அமைதியாக, நல்ல சுடரோடு எரியும். அதன் குணக்கேடு ஒன்றே: மரத்தில் மாவும் சர்க்கரையும் மிகுந்திருப்பதால், மழையில் போட்டுவைத்தால் விரைவில் பூசணம் பிடித்து, வண்டு துளைத்து, உள்ளேயே பொடியாகிவிடும். பட்டையில் உறைந்திருக்கும் பால் கரும்புகை விடும் என்பதால், பட்டையைச் செதுக்கிவிட்டுப் பிளப்பது நல்லது. அயனி, பலா, மா ஆகியவற்றின் கழித்த கொம்புகளும் குறையில்லாதவையே.

தென்னை இருக்கும் வீட்டில் பாதி எரிபொருள் காசில்லாமல் கிடக்கிறது. ஆனால் அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு குணம் உண்டு. பாளையின் உலர்ந்த மடலான கொதும்பும் ஓலைச்சூட்டும் தீ மூட்டுவதற்கு. குப்பென்று எரிந்து அடங்கும். கடைநிலை மாணாக்கருக்கு உவமையாகச் சொல்லிச் சொல்லியே, மட்டையின் அடியில் வலைபோல் இருக்கும் பன்னாடையைச் சிறுமைப்படுத்திவிட்டோம். காய்ந்த பன்னாடையைப் போல் ஒற்றைத் தீக்குச்சியில் பற்றும் பொருள் வேறில்லை. மரச்சீனிக் (மரவள்ளி) கம்பும் மாசியில் உலர்ந்தால் அப்படியே பயன்படும். தேங்காய் ஓடான சிரட்டைதான் இவற்றில் முதன்மையானது. அடர்த்தி மிகுந்து, சாம்பல் குறைந்து, விறகைவிடச் சற்றுக் கூடுதலான வெப்பத்தோடு எரியும். மேலிருந்து பற்றவைத்துக் கீழ்நோக்கி எரியும் உருளை அடுப்புகளில் அதை இரண்டு விரலளவு துண்டுகளாக உடைத்துப் போட்டால், ஏறத்தாழக் காஸ் சுடரைப் போலவே நிற்கும். கரி செய்வதற்காக வீடு வீடாக வந்து எடை போட்டு வாங்கிச் செல்வோர் பெருகிவிட்டதால் சிரட்டை இப்போது அடுக்களைக்குத் தங்குவதில்லை. தேங்காயின் நார் மட்டையான கதம்பையை மட்டும் நான் சிறிய அடுப்பில் வைப்பதில்லை. அது கனன்று புகையுமேயன்றிச் சுடர்விடாது.

எரிக்கக் கூடாதவற்றைப் பற்றி எந்தத் தயக்கமும் இன்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்தில் அண்டி ஆபீஸ்கள் எனப்படும் முந்திரி ஆலைகள் பல உள்ளன. முந்திரிக்கொட்டையின் ஓடு மலிவாகக் கிடைக்கிறது, நன்றாகவும் எரிகிறது. ஆனால் அந்த ஓட்டில் இருக்கும் எண்ணெய் கையில் பட்டாலே தோலைப் பொள்ளச் செய்யும். எரிந்தால் அதன் புகை கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். தொழிற்சாலைக் கொதிகலனுக்கும் அடுக்களைக்கும் உள்ள வேறுபாட்டை மறந்து, அதைச் சாக்கில் வாங்கிவந்து அடுப்பில் கொட்டும் வீடுகளை நான் அறிவேன். அரளிக் கம்பு நஞ்சு. மரச்சாமான் பட்டறைகளில் இலவசமாகக் கிடைக்கும் பிளைவுட் துண்டுகளில் பசையும், பழைய சன்னல் சட்டங்களில் பெயிண்டும் இருக்கின்றன. சோறு வேகும் இடத்தில் அவற்றுக்கு வேலையில்லை. தீ மூட்டுவதற்கு, உறைந்த ரப்பர்ப் பாலான ஒட்டுப்பாலும் பிளாஸ்டிக் பால் கவரும் போடும் பழக்கம் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. கொதும்பு கொல்லையில் மட்கிக் கிடக்க, ரப்பரைக் கொளுத்தி அடுக்களையைக் கறுப்பாக்குவது சோம்பலேயன்றி வேறில்லை.

இனிக் காலத்தைப் பற்றி. குமரி மாவட்டம் தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் ஒருசேரப் பெறும் நிலம் என்பதால், ஜூன் முதல் டிசம்பர் வரை விறகு காய்வதற்குத் தொடர்ச்சியான வெயிலை எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஆண்டு முழுவதற்குமான விறகைத் தை, மாசி மாதங்களில் வெட்டிப் பிளந்துவிட வேண்டும். பிளப்பது முக்கியம், பட்டை மூடிய உருட்டுக் கட்டை ஓராண்டு கிடந்தாலும் நடுவில் ஈரம் இருக்கும். தரையில் படாதபடி கல் பரப்பி, காற்றுப் புக இடைவெளி விட்டு, மேலே மட்டும் கூரையிட்டு, பக்கங்களைத் திறந்துவைத்து அடுக்க வேண்டும். தார்ப்பாயை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுவோர் விறகை உலர்த்தவில்லை, அவிக்கிறார்கள். வாங்கும்போது இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தால், காய்ந்தது ணங்கென்று ஒலிக்கும், ஈரமானது தொப்பென்று அடங்கும். காய்ந்த துண்டின் முனையில் நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரம்போல் வெடிப்பும் தெரியும்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். இவ்வகை அடுப்புக்குப் பெருவிரல் பருமனும் ஒரு சாண் நீளமும் போதும். மணிக்கட்டுப் பருமனுள்ள கட்டை அதில் கருகுமே தவிர எரியாது. வாயில் மூன்று நான்கு துண்டுகளுக்குமேல் திணித்தால் கீழே காற்றுக்கு வழியில்லாமல் போகும். புகைகிறது என்று புகார் சொல்லும் பத்து வீடுகளில் பாதியில் நான் கண்டது இதுதான். வெட்டுகத்தியோடு அரைமணி நேரம் உட்கார்ந்தால் ஒரு வாரத்துக்கு வேண்டிய துண்டுகள் கிடைத்துவிடும்.

புதிய அடுப்பைக் கொடுத்துவிட்டு விறகை மறப்பது நமக்குப் புதிதன்று. 1980களில் தொடங்கி 2002 வரை மத்திய அரசு நடத்திய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் கட்டிய அடுப்புகள் பலவும் பராமரிப்பாரின்றிக் கைவிடப்பட்டன. அதே காலத்தில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் பரப்பிய பரிஷத் அடுப்பு எல்லை தாண்டி எங்கள் பக்கத்து வீடுகள் சிலவற்றுக்கும் வந்தது. அவர்கள் அடுப்போடு நிற்காமல், பாதி வெந்த அரிசியைப் பானையோடு வைத்து மூடினால் தானே வேகும் சூடாறாப்பெட்டியையும் சொல்லிக் கொடுத்தார்கள். நெடுநேரம் வேக வேண்டிய எங்கள் சம்பா அரிசிக்கு விறகில் அது செய்த மிச்சம் சிறிதன்று.

எனவே அடுப்புகளை விற்போரும் மானிய விலையில் வழங்குவோரும், எந்தப் பருமனில், எவ்வளவு உலர்ந்த விறகை வைக்க வேண்டும் என்பதை ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாகவேனும் கூடவே தர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். விறகுக்கடைகள் பச்சையையும் உலர்ந்ததையும் தனித்தனியே அடுக்கித் தனித்தனி விலை குறிக்க வேண்டும்; ஈரமில்லாத விறகுக்குக் கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுக்க என்னைப் போன்றோர் அணியமாகவே இருக்கிறோம். மின்கம்பிக்காக வெட்டிப் போடும் கிளைகள் சாலையோரத்தில் மழையில் மக்குவதையோ, குவித்துக் கொளுத்தப்படுவதையோ ஆண்டுதோறும் பார்க்கிறோம். ஊராட்சிகள் அவற்றைத் துண்டாக்கி ஒரு கொட்டகையில் உலரவைத்து, சிறிய அடுப்பு வைத்திருக்கும் வீடுகளுக்குக் கொடுக்கலாம். அதற்குக் கூரையும் ஒரு கோடாலியும் போதும். வெட்டும் வேலை மழைக்காலத்துக்கு முன்பாகவே நடப்பதால், கொட்டகையை மாசிக்குள் போட்டுவிட்டால் இவ்வாண்டுக் கிளைகளே உலர்ந்துவிடும்.

இங்ஙனம்,
அருமனை வாசகர் ஒருவர்,
கன்னியாகுமரி மாவட்டம்.