எந்த எண்ணெய் என்பது பாதிக் கேள்விதான்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் செக்கு எண்ணெயா, ரீஃபைண்டா என்ற கட்டுரையைப் படித்தேன். எங்கள் வீட்டிலும் வருஷக்கணக்காக நடக்கிற வாக்குவாதம்தான். ஆனால் வாணலி அடுப்பில் ஏறிய பிறகு அந்த எண்ணெய் என்ன ஆகிறது என்பதற்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவள் நான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் உடம்புக்குள் நடப்பதைச் சொல்கிறேன். சாப்பிடும் கொழுப்பு முழுவதும் எரிந்து போவதில்லை. ஒரு பங்கு நம் செல்களைச் சுற்றியிருக்கும் சவ்வில் போய்ச் சேருகிறது. இன்று எண்ணெயை மாற்றினால், சுமார் 120 நாள் வாழும் ரத்தச் சிவப்பணுக்களில் நாலு மாதத்துக்குள் அது தெரியும். இடுப்பில் சேர்ந்த கொழுப்பு மாற வருஷங்கள் ஆகும். சூரியகாந்தி எண்ணெயில் நிறைய இருக்கும் லினோலிக் அமிலத்தில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உண்டு. அவற்றுக்கு நடுவே இருக்கிற ஹைட்ரஜனை, ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலைகிற ஃப்ரீ ராடிக்கல் என்ற துகள் சுலபமாகப் பிடுங்கிவிடும். பறிகொடுத்த மூலக்கூறு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு, பக்கத்து மூலக்கூறிடமிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும். அது அடுத்ததிடம். இந்தச் சங்கிலியை அறுப்பதுதான் சவ்வில் உட்கார்ந்திருக்கும் வைட்டமின் ஈ-யின் வேலை. தடுக்கிற சக்தியை மீறி இது நடந்தால் அதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். ரத்தக் குழாய்ச் சுவரில், கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்கிற எல்.டி.எல். கொழுப்பு இப்படிக் கெட்டுப்போவது, அங்கே படிவு சேர்வதில் ஒரு முக்கியமான படி.

அதற்காகச் சூரியகாந்தியைத் தூக்கி எறிய வேண்டாம். நெய், பாமாயிலுக்குப் பதிலாக அதை அளவோடு சேர்த்தால் எல்.டி.எல். குறையும். தேங்காயெண்ணெய் சீக்கிரம் கெடாது, ஆனால் எல்.டி.எல்.-ஐ ஏற்றும். நல்லெண்ணெயிலும் லினோலிக் அமிலம் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் இருக்கிறது. இருந்தும் அது சிக்குவாடை அடிக்காமல் நாள்பட நிற்பதற்கு எள்ளிலுள்ள செசமால் போன்ற பொருட்கள் காரணம். சரி, வைட்டமின் ஈ மாத்திரை போட்டுக்கொள்ளலாமே என்றால் அதுவும் கைகொடுக்கவில்லை. 2000-இல் வெளியான ஹோப் என்ற மருத்துவ ஆய்வில் ஒன்பதாயிரம் பேருக்கு மேல் பங்கேற்றார்கள். அந்த மாத்திரையால் மாரடைப்பு குறையவில்லை.

உடம்புக்குள் மெதுவாக நடக்கிற இதே சங்கிலி வாணலியில் 180 டிகிரியில் பாய்ச்சலாக நடக்கிறது. என் தம்பி இருபது வருஷம் பலகாரக் கடைகளில் மாஸ்டராக இருந்தவன். ஒரு நாள் சாயங்காலம் அவன் வேலை பார்த்த கடையில் நின்று பார்த்தேன். எண்ணெய் காப்பி டிகாக்‌ஷன் நிறம். போண்டாவை எடுத்த பிறகும் ஓரத்தில் பொடி நுரை அடங்கவே இல்லை. கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்டாமல் பாகுபோல் இழுத்தது. “மாத்த மாட்டீங்களாடா?” என்றேன். “எதுக்குக்கா மாத்தணும்? குறையக் குறையப் புதுசு ஊத்திக்குவோம்” என்றான். அந்தக் கடைக்கு வருகிற எண்ணெயிலேயே பாதி, ஒரு பெரிய ஹோட்டல் உபயோகித்துவிட்டு டின் கணக்கில் குறைந்த விலைக்குக் கொடுத்தது என்று அப்புறம் சொன்னான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் அந்தக் கடை வாசலில்தான் நிற்கிறார்கள். தட்டைகளுக்கு நடுவே சட்னியும் காய்கறியும் வைத்துத் தரும் தட்டுவடை செட்டுக்குப் பேர்போன ஊர் நம் சேலம். அந்தத் தட்டை எத்தனை முறை காய்ந்த எண்ணெயில் பொரிந்தது என்று யார் கேட்கிறோம்?

சட்டம் இல்லாமல் இல்லை. எண்ணெய் சிதைந்து உண்டாகும் போலார் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அதை அங்கேயே அளந்து சொல்லும் கையடக்கக் கருவியும் இருக்கிறது. பழைய எண்ணெயை வாங்கி பயோடீசலாக மாற்றும் ரூகோ திட்டமும் அதே வருஷம் வந்தது. ஆனால் தினமும் ஒன்றிரண்டு லிட்டர் மிஞ்சுகிற தள்ளுவண்டிக்காரரிடம் எந்த வண்டி வந்து வாங்கும்? சாக்கடையில் ஊற்றக் கூடாது, கொட்டினால் நஷ்டம். அதனால்தான் மறுநாளும் அதையே காய்ச்சுகிறார். அவரைப் பிடித்து அபராதம் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

அம்மாபேட்டை, சூரமங்கலம், தாதகாப்பட்டி, அஸ்தம்பட்டி உழவர் சந்தைகளில் சந்தைக்கொரு சேகரிப்பு டிரம் வையுங்கள். கொண்டுவந்து ஊற்றுகிறவருக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று கையில் காசு கொடுங்கள். வீட்டில் தீபாவளிப் பலகாரம் சுட்டு மீந்த எண்ணெயை நாங்களும் கொண்டு வருகிறோம். என் அம்மா அதைத் தூக்குப்போசியில் வடிகட்டி வைத்து ஒரு மாதம் தாளிப்பார். நானும் வெகுகாலம் அப்படித்தான் செய்தேன். உணவுப் பாதுகாப்புத் துறையும் மாநகராட்சியும் இந்தத் தீபாவளிக்கு முன்பே ஒரு சந்தையிலாவது இதை ஆரம்பிக்கத் தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
அம்மாபேட்டை, சேலம்.