கார்டை விற்கும் முன்

கண்ணா,

நீ அனுப்பிய கேள்விகளைப் படித்தேன். பிங், கீபோர்டு, டார்க் மோட், ஜாய்ஸ்டிக், பிடித்த கேம், இவற்றுக்கு நடுவே உன் கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றி ஒரே வரியில் "இந்தக் கார்டை இப்ப வித்தா எவ்வளவும்மா வரும்". வாட்ஸ்அப்பில் இவ்வளவையும் தட்ட முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம். நீ ஃபோனை எடுத்திருந்தால் பேசியே முடித்திருக்கலாம்.

முதலில் பிங், சர்வருக்குச் செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரம். சிங்கப்பூர் சர்வரில் 240 மில்லிசெகண்ட் காட்டுகிறது, அதைக் குறைப்பதாகச் சொல்லும் பூஸ்டர் மென்பொருள் வாங்கினால் குறையுமா என்கிறாய். காசைக் கொடுக்காதே. டொரோண்டோவிலிருந்து இங்கே நேராக அளந்தாலே ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர்தான் ஓடும். போக 75, வர 75, ஆக 150 மில்லிசெகண்டை எந்த மென்பொருளாலும் குறைக்க முடியாது. கேபிளும் நேராக வருவதில்லை. கண்டத்தைக் கடந்து, பசிபிக்கைக் கடந்து, வழியில் எத்தனையோ ரவுட்டர் மாறித்தான் சாங்கியிலோ துவாஸிலோ கரை ஏறுகிறது. 220, 240 எல்லாம் நியாயமான எண்தான். போகிற வழி மோசமாக இருந்தால் வேறு வழியில் திருப்பிவிடுவார்கள், பூஸ்டரால் முடிந்தது அவ்வளவே.

எண் நிற்காமல் தாவுகிறது என்றால் அது வேறு கோளாறு. கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து உன் ரவுட்டரின் முகவரிக்கே பிங் ஓடவிடு, பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1ஆக இருக்கும். 1, 2 என்று நின்றால் வீட்டுக்குள் பழுது இல்லை. 40, 80 என்று எகிறினால் வைஃபைதான் காரணம், கேபிள் போட்டுவிடு. கேட் 5இ வகைக் கேபிளே போதும், ஒரு கிகாபிட் வரை தாங்கும். கூட இருப்பவர்கள் வீடியோ ஏற்றும்போது மட்டும் எகிறினால் அப்லோடு வரிசை நிரம்புகிறது என்று அர்த்தம். ரவுட்டரில் வேகத்தைப் பங்கிடும் கியூஓஎஸ் வசதி இருந்தால் அப்லோடை உண்மையான வேகத்தில் 90 சதவீதத்துக்குக் கட்டிவை, மற்றவர்கள் ஏற்றினாலும் உன் கேம் திணறாது.

ஆனால் கண்ணா, அங்கே இருந்துகொண்டு சிங்கப்பூர் சர்வரில் ஏன் விளையாட வேண்டும்? பக்கத்துச் சர்வரில் 20, 30தான் வருமே. இங்குள்ள பையன்கள் ஒன்றுகூடுவது ராத்திரி பத்துக்கு மேல். இந்தக் குளிர்காலத்தில் அது உனக்குக் காலை ஒன்பது. செவ்வாய், புதன் என்று பார்க்காமல் ஸ்டீமில் உன் பெயர் பச்சையாக இருக்கிறது. உனக்கு ஆபீஸ் எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. மணியை மட்டும் சொன்னேன்.

கீபோர்டு. விசைக்கு அடியில் இருக்கும் சுவிட்சை நிறத்தால் பிரிப்பார்கள். அறையைப் பகிர்ந்துகொள்வதால் நீல சுவிட்ச் வேண்டாம், ஒவ்வொரு தட்டுக்கும் க்ளிக் என்று கத்தும். சிவப்பு நேராக இறங்கும், 45 கிராம் அழுத்தம் போதும், கேமுக்கு நல்லது. நீ நிறைய எழுதுகிறவன் என்றால் பழுப்பு, பாதி வழியில் சிறிய மேடு தட்டுப்படும், கடைசி வரை அழுத்த வேண்டியதில்லை. சுவிட்சைக் கழற்றி மாட்டக்கூடிய போர்டாகவே வாங்கு. மாட்டும்போது இரண்டு பின்னும் நேராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, போர்டின் அடியில் ஒரு விரலைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு அழுத்து. தாங்காமல் அழுத்தினால் அடியில் உள்ள சாக்கெட் பற்றவைப்போடு பெயர்ந்துவிடும். சுவிட்ச் வேலை செய்யவில்லை என்று என்னிடம் கொண்டுவருவதில் பெரும்பாலானவை பின் மடங்கியவைதான்.

டார்க் மோடா லைட்டா என்றால் உனக்கு லைட்தான். உன் கண்ணாடியில் சிலிண்டர் பவர் இருக்கிறது, கறுப்பில் வெள்ளை எழுத்து உனக்கு ஓரம் கசிந்துதான் தெரியும். கறுப்புத் திரையால் பேட்டரி மிச்சமாவது ஓலெட் திரையில் மட்டும். உன் மானிட்டர் எல்சிடி, அதில் பின்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கும். ஐபோனா ஆண்ட்ராய்டா என்பதற்குப் பதில், இருப்பதை வைத்துக்கொள். பேட்டரி ஆரோக்கியம் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் பேட்டரியை மட்டும் மாற்று. இப்போது புது ஃபோன் வேண்டாம்.

ஜாய்ஸ்டிக் தானாக ஓடுவது தேய்மானம். குச்சியின் அடியில் கார்பன் தடம் ஒன்று இருக்கிறது, உரசி உரசி அது தேய்கிறது. முதலில் செட்டிங்ஸில் காலிப்ரேட் செய்து பார். போகாவிட்டால் காந்தத்தால் அளக்கிற ஹால் எஃபெக்ட் குச்சி வாங்கி மாட்டு, அதில் உரசல் இல்லை. மூன்று கிளைத் திருப்புளி வேண்டும், ஒய்00 அளவு. உள்ளே ரிப்பன் கேபிளை இழுக்காதே. அதன் மேலுள்ள கறுப்புப் பூட்டை நகத்தால் நிமிர்த்தினால் ரிப்பன் தானே விட்டுவிடும். பூட்டு உடைந்தால் அந்தக் கைப்பிடி அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது என்றாயே, அது வயரிங் கோளாறு இல்லை. இங்கே காற்றில் ஈரம் 80 சதவீதம். அங்கே ஹீட்டர் போட்ட அறையில் 20, 30க்கு இறங்கிவிடும், கம்பளத்தில் கம்பளிக் காலுறையோடு நடந்தாலே உடம்பில் மின் ஏறும். விரலுக்கு உறைக்கவே ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும், ஒரு சிப்பைக் கெடுக்க அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். பெட்டியைத் திறக்கும்போது பிளக் சுவரிலேயே இருக்கட்டும், பின்பக்கச் சுவிட்சை மட்டும் அணை. பெயிண்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே கை வை.

மின்சாரம் என்றதும் நினைவு வந்தது. கம்ப்யூட்டரின் பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், அதற்கு வயர் மாற்றினால் போதும். நீ கொண்டுபோன ரைஸ் குக்கர் அப்படி இல்லை. 230 வோல்ட் குக்கரை 120இல் சொருகினால் சூடு கால் பங்குக்குச் சற்று மேலேதான் வரும், 500 வாட் குக்கர் 136 வாட்டில் நிற்கும். அரிசி ஊறும், வேகாது. அங்கேயே சின்னதாக ஒன்று வாங்கு. சமைக்கிறாயா? பாப்பாவிடம் பர்கர் படமாக அனுப்புகிறாயாம்.

எனக்குப் பிடித்த கேம் டெட்ரிஸ், புதிய விதிப்படி உள்ளது. பழையதில் நீளக் கட்டை எப்போது வரும் என்றே தெரியாது. புதியதில் ஏழு வடிவத்தையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, பை தீர்ந்த பிறகே மறுபடி நிரப்புகிறார்கள். எவ்வளவு தாமதமானாலும் இரண்டு நீளக் கட்டைக்கு நடுவே 12க்கு மேல் வேறு கட்டை வராது. அது தெரிந்தபின் ஓரத்தில் ஒரு பத்தியைக் கிணறு போலக் காலியாக விட்டு நீளக் கட்டைக்குக் காத்திருக்கலாம்.

கார்டு. இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

விலை பார்க்க வேண்டுமானால் கேட்கிற விலையைப் பார்க்காதே. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். புதிய 5070 கார்டு வந்தபின் வாங்குபவர் உன் 4070ஐ அதோடுதான் ஒப்பிடுவார், பெட்டியும் ரசீதும் இருந்தால் கொஞ்சம் நின்று பேசலாம். கழற்றும் முன் அது ஓடுவதை வாங்குபவரிடம் காட்டு. கார்டை முழு வேகத்தில் ஓடவிட்டுச் சோதிக்கும் ஃபர்மார்க் பதினைந்து நிமிடம், வெப்பம் தெரியும்படி. பிறகு விண்டோஸை அணைத்து, பின் சுவிட்சையும் அணைத்து, பவர் பட்டனை ஒருமுறை அழுத்து, மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். 8-பின் கேபிளைத் தலையில் உள்ள கிளிப்பை அழுத்தி எடு, வயரைப் பிடித்து இழுக்காதே. திருகு இரண்டையும் கழற்று. மதர்போர்டில் கார்டு உட்காரும் சிலாட்டின் முனையில் உள்ள பூட்டுக்கு உன் கூலர் இடம் விடாது, சாப்ஸ்டிக்கால் அழுத்து. ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால் போர்டில் தடம் அறுந்துவிடும். பூட்டு விடுபடாமல் இழுத்தால் சிலாட்டே கையோடு வரும்.

இதெல்லாம் விற்பதென்றால். உன் ப்ராசசர் 5600எக்ஸ், கண்ணா. அந்தச் சிப்பில் கிராஃபிக்ஸே கிடையாது. கார்டு போனால் மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் சொருகினாலும் திரை கறுப்பாகவே இருக்கும். பிறகு ரெசுமே திருத்த, இன்டர்வியூவுக்கு உட்கார எதை வைத்திருப்பாய்? ஆபீஸ் லேப்டாப் உன்னிடம் இருக்கிறதா, திரும்ப வாங்கிக்கொண்டார்களா?

எழுதிவிட்டேன், அழிக்கப் போவதில்லை. சிம் லிம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கி, ஒரு கேபிள்கூட வெளியே தெரியாமல் நீ அந்தப் பெட்டியைக் கட்டியதை இன்றைக்கும் பார்க்கிறவர்களிடம் சொல்கிறேன். அந்தக் கைக்கு வேலை கிடைக்கும். அதுவரை அம்மாவிடமாவது சொல்லு, கார்டு விலை கேட்டுச் சொல்லாதே.

விற்றே ஆக வேண்டுமென்றால் நம் வீட்டுப் பாம் ஷெல்டர் அறையில் சிலிக்கா ஜெல் டப்பாவில் பழைய ஜிடி 1030 கார்டு இருக்கிறது. 30 வாட், தனி மின் கேபிள் வேண்டாம், சிலாட்டில் குத்தினால் போதும். டிஸ்பிளேபோர்ட் இல்லை, எச்டிஎம்ஐ கேபிளும் சேர்த்து வைக்கிறேன். பெரிய கேம் ஓடாது, மற்ற வேலை எல்லாம் ஓடும். அது வந்து சேர்ந்து, மாட்டி, படம் தெரிந்த பிறகு மற்றதை விலைபேசு, அதற்கு முன் வேண்டாம்.

வாடகைக்காக என்றால் விற்கவே வேண்டாம். இங்கே உன் கணக்கு மூடவில்லை, ஃபோனிலிருந்தே பணம் அனுப்பும் பேநவ்வில் போட்டால் அப்போதே ஏறிவிடும். எத்தனை வெள்ளி என்று மட்டும் எழுது. அப்பாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. பெரியப்பா வீட்டில் கேட்டதற்கும் அப்பா "நல்லா இருக்கான்" என்று மட்டும் சொன்னார்.

பொட்டலத்தில் மிளகாய்த் தூளும் வைக்கிறேன். முகவரி அதே பழையதுதானா, இல்லை வீடு மாறிவிட்டாயா? யூனிட் எண்ணோடு இன்றைக்கே அனுப்பு.

அம்மா