செல்போன் பெட்டியில் ஒரு தேதி அச்சாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை அட்டை வாங்கினால், பின்பக்கம் தயாரித்த மாதமும் காலாவதி மாதமும் அச்சாகியிருக்கும். அரை லிட்டர் பால் பாக்கெட்டிலும் அப்படித்தான். பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் ஸ்மார்ட்போன் பெட்டியில் எம்.ஆர்.பி. இருக்கிறது, தயாரித்த மாதம் இருக்கிறது, ஐ.எம்.இ.ஐ. எண்கள் இருக்கின்றன. அந்த போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் எந்த மாதத்தோடு நிற்கும் என்பது மட்டும் இல்லை. அந்தத் தேதியைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் நலத்துறை ஆணையிட வேண்டும்.

அப்டேட் என்றாலே புது ஐகான், புது வால்பேப்பர், கொஞ்சம் மெதுவாகிப்போன போன் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆண்ட்ராய்டு 14 போய் 15 வருவது ஒரு வகை. அது இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம். மற்றொரு வகை, திருடன் போனுக்குள் நுழைய வழிவிடும் மென்பொருள் ஓட்டைகளைக் கண்ணுக்கே தெரியாமல் அடைக்கும் பாதுகாப்பு அப்டேட். அதன் அருமை 2015 ஜூலையில் 'ஸ்டேஜ்ஃபிரைட்' என்ற ஓட்டை வெளியானபோது தெரிந்தது. ஒருவருடைய போன் நம்பர் தெரிந்தால் போதும், ஒரு எம்.எம்.எஸ். அனுப்பி அவர் போனுக்குள் நுழைய முடியும். அவர் எதையும் தொட வேண்டியதில்லை, திறக்க வேண்டியதில்லை. அதற்கு அடுத்த மாதத்திலிருந்துதான் கூகுள் மாதாந்திரப் பாதுகாப்பு அறிக்கையை வெளியிடத் தொடங்கியது. 2023 செப்டம்பரில் 'வெப்பி' வகைப் படங்களைத் திரையில் காட்டும் சிறு நிரல் ஒன்றில் ஓட்டை கிடைத்து, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உட்பட எத்தனையோ மென்பொருள்களுக்கு அவசர அவசரமாக அப்டேட் வந்தது.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. மாத அறிக்கையில் எந்த ஓட்டை எங்கே இருந்தது என்று பட்டியல் வரும். ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் பொதுவெளியில் இருப்பதால், அதை அடைத்த விதமும் வெளியாகும். அப்டேட் வாங்கிய போனுக்கு அது மருந்து. வாங்காத போனுக்கோ, எந்தச் சுவரில் எத்தனையாவது செங்கல் ஆடுகிறது என்று திருடனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு. அப்டேட் நின்ற போன் நின்ற இடத்திலேயே நிற்பதில்லை. மாதத்துக்கு மாதம் இன்னும் பலவீனமாகிறது.

வாசகர்கள் இப்போதே தங்கள் போனைப் பார்த்துக்கொள்ளலாம். செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதிக்குப் போய் 'ஆண்ட்ராய்டு வெர்ஷன்' என்பதைத் தொடுங்கள். சில கம்பெனி போன்களில் இது 'சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்' என்ற பெயரில் இருக்கும். அங்கே இரண்டு தேதிகள் தெரியும். ஒன்று 'ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட்'. இன்னொன்று 'கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்'. ஏமாறுவது இந்த இடத்தில்தான். இரண்டாவது தேதி கூகுள் நேரடியாக அனுப்புவது. கம்பெனி கைவிட்ட போனில்கூட அது ஓரளவு புதிதாக இருக்கக்கூடும். அதைப் பார்த்து 'நம் போனுக்கு இன்னும் அப்டேட் வருகிறது' என்று நினைத்துவிடுகிறார்கள். கெர்னல் என்ற மென்பொருளின் அடித்தளம், சிக்னல் பிடிக்கும் மோடம், வைஃபை, கிராபிக்ஸ் ஆகியவற்றை இயக்கும் டிரைவர் நிரல்கள் ஆகியவற்றின் ஓட்டைகளை அது அடைக்காது. நீங்கள் பார்க்க வேண்டியது முதல் தேதியை. அதிலும் நாள் 1 என்று இருந்தால் ஆண்ட்ராய்டின் பொதுப் பகுதி ஓட்டைகள் மட்டும் அடைபட்டிருக்கின்றன. 5 என்று இருந்தால் கெர்னலுக்கும் சிப் கம்பெனியின் பகுதிகளுக்கும் உரிய திருத்தங்களும் சேர்ந்திருக்கின்றன. அந்தத் தேதி ஆறு மாதத்துக்கும் மேல் பழையதாக இருந்து, 'செக் ஃபார் அப்டேட்' தொட்டாலும் 'உங்கள் போன் அப்டேட்டாக உள்ளது' என்றே வந்தால், கவலைப்பட வேண்டிய நேரம் வந்துவிட்டது. அந்த வாசகத்துக்கு, கம்பெனி கடைசியாகக் கொடுத்தது உங்களிடம் இருக்கிறது என்று மட்டுமே பொருள். போன் பாதுகாப்பாக இருக்கிறது என்று பொருளில்லை.

அப்டேட் ஏன் நிற்கிறது? கூகுள் திருத்தத்தைக் கொடுத்தவுடன் அது உங்கள் போனுக்கு வந்துவிடாது. குவால்காம், மீடியாடெக், யூனிசாக் போன்ற சிப் கம்பெனி தன் டிரைவர்களைத் திருத்திக் கொடுக்க வேண்டும். பிறகு போன் கம்பெனி அதைத் தன் மென்பொருளோடு சேர்த்து, ஒவ்வொரு மாடலிலும் கால் போகிறதா, கேமரா திறக்கிறதா, கைரேகை படிக்கிறதா என்று சோதித்து அனுப்ப வேண்டும். சங்கிலியில் சிப் கம்பெனி கையை எடுத்துவிட்டால் போன் கம்பெனி நினைத்தாலும் முழுமையாகச் செய்ய முடியாது. 2017இல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது 'ட்ரெபிள்' என்ற ஏற்பாட்டின் மூலம் சிப் சார்ந்த பகுதியைக் கூகுள் தனியே பிரித்துவைத்தது. வேலை கொஞ்சம் எளிதானது; ஆனால் அந்தத் தனிப் பகுதியைத் திருத்த வேண்டியவர் திருத்தாவிட்டால் பயனில்லை. ஒரே வருடத்தில் பெயரை மட்டும் மாற்றி அடுக்கடுக்காக மாடல் இறக்கும் கம்பெனிக்கு, பழைய மாடலைச் சோதித்துக்கொண்டிருப்பது வெறும் செலவு. அடுத்த மாடலை விற்பதில்தான் வரவு.

விலை குறைந்த போனுக்கு நீண்ட காலம் அப்டேட் கொடுக்க முடியாது என்ற வாதம் முன்போல எடுபடாது. 2023இல் கூகுள் பிக்சல் 8க்கு ஏழு வருடம் என்று அறிவித்தது. 2024 ஜனவரியில் சாம்சங் தன் எஸ்24 வரிசைக்கும் அதையே அறிவித்தது. அவை விலை உயர்ந்தவை, சரி. ஆனால் அதே சாம்சங் 2024 அக்டோபரில் இந்தியாவில் 20,000 ரூபாய்க்குக் கீழே இறக்கிய ஏ16 5ஜி-க்கு ஆறு வருடம் தருவதாகச் சொன்னது. 2025 பிப்ரவரியில் குவால்காம் தன் உயர்ரகச் சிப்புகளுக்கு எட்டு வருடம் வரை துணை நிற்பதாக அறிவித்தது. மனம் இருந்தால் முடிகிறது. இன்னும் விலை குறைந்த போன்களுக்கு மூன்று வருடம்தான் தர முடியும் என்றால் தாராளமாகத் தரட்டும். அதைப் பெட்டியின் மேல் எழுதி விற்கட்டும். கூலி வேலை செய்து 9,000 ரூபாய் சேர்த்து வாங்குகிறவர்தான் அந்த போனை ஐந்தாறு வருடம் வைத்திருப்பார். அந்த ஒரே போனில்தான் அவருடைய ஜிபே, வங்கிக் கணக்கு, ஆதார் ஓ.டி.பி. எல்லாம் இருக்கின்றன. தேதி அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

விற்பனையில் நடக்கும் இன்னொரு மறைப்பையும் சொல்ல வேண்டும். 'நான்கு வருட அப்டேட்' என்று விளம்பரம் செய்யும்போது, அந்த நான்கு வருடத்தை நீங்கள் வாங்கிய நாளிலிருந்து கணக்கிடுவதில்லை. அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து கணக்கிடுகிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் வந்த மாடலைத் தீபாவளித் தள்ளுபடியில் வாங்குகிறவர் கையில் மிஞ்சுவது இரண்டே வருடம். பெட்டியில் தயாரித்த மாதம் புதிதாகத்தான் இருக்கும், அதில் பொய் இல்லை. ஆனால் மாடல் பழையது. 'நான்கு வருடம்' என்பதால்தான் குழப்பம். 'இன்ன வருடம், இன்ன மாதம் வரை' என்று போட்டால் யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரும் என்பதும் அதோடு சேர வேண்டும். மாதா மாதம் வருவதற்கும், காலாண்டுக்கு ஒன்று வருவதற்கும், வருடத்துக்கு இரண்டு வருவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஒரே கம்பெனியின் மாடல்களுக்குள்ளேயே இந்த மூன்று தரமும் இருக்கின்றன.

நாம் கேட்பது உலகத்தில் இல்லாத புதுமை அல்ல. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடப்பில் உள்ள சட்டம், இணையத்தோடு இணையும் பொருள்களுக்குக் குறைந்தபட்சப் பாதுகாப்பு அப்டேட் காலத்தை வெளிப்படையாக அறிவிக்கச் சொல்கிறது. மீறினால் ஒரு கோடி பவுண்டு, அல்லது உலக விற்பனை வருவாயில் 4 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் போகலாம். ஐபோன்களுக்குப் பல வருடம் அப்டேட் கொடுத்தாலும் அது இத்தனை வருடம் என்று முன்கூட்டி எழுதிக் கொடுக்கும் வழக்கம் ஆப்பிளுக்கு இருந்ததில்லை. இந்தச் சட்டம் வந்த பிறகு, ஐபோன் 15 புரோ மேக்ஸுக்குக் குறைந்தது ஐந்து வருடம் என்று எழுத்தில் கொடுத்தது.

செல்போன் அப்டேட் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2025 ஜூன் 20 முதல் நடப்புக்கு வந்தது. அது காலத்தைக் கணக்கிடும் முறை நமக்கு நல்ல பாடம்: ஒரு மாடலின் விற்பனை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து குறைந்தது ஐந்து வருடம். கடைசிப் பெட்டியை வாங்கியவருக்கும் அந்த ஐந்து வருடம் கிடைக்கும். அடிப்படைத் திருத்தம் வெளியான நான்கு மாதத்துக்குள் பாதுகாப்பு அப்டேட் வந்தாக வேண்டும் என்றும் கெடு வைத்திருக்கிறார்கள். ஆனால் வாசகத்தில் ஒரு பிசகு இருக்கிறது. 'அப்டேட் வழங்கினால்' இப்படி வழங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். வழங்கவே இல்லையென்றால் என்ன என்று ஒரு கம்பெனி வாதிட அந்த 'வழங்கினால்' இடம் கொடுக்கிறது. நம் அதிகாரிகள் அந்த விதியைப் பார்த்து எழுதினால் இந்தச் சொல்லை விட்டுவிட்டு எழுத வேண்டும்.

இந்தியாவில் நுகர்வோர் நலத்துறை அமைத்த குழு, செல்போன்களுக்கும் மின்சாதனங்களுக்கும் 'பழுதுநீக்கக் குறியீடு' தருவது பற்றி 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. உதிரி பாகம் கிடைப்பது, பிரிப்பது எளிதா என்பது, கருவிகள், மென்பொருள் அப்டேட் எல்லாம் அதன் அளவுகோல்களில் இருக்கின்றன. நல்ல முயற்சி. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து ஐந்துக்கு இத்தனை என்று ஒரே மதிப்பெண் போட்டால், திருகாணியைக் கழற்றுவது எளிது என்பதற்குக் கிடைத்த மதிப்பெண், அப்டேட் ஒன்றரை வருடத்தில் நிற்கும் என்பதை மூடிவிடும். மதிப்பெண் இருக்கட்டும், தேதி தனியாக வேண்டும்.

அதற்குப் புதுச் சட்டம் இயற்றக் காத்திருக்கவும் வேண்டாம். எம்.ஆர்.பி.யையும் தயாரித்த மாதத்தையும் பெட்டியில் போட வைக்கும் 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் இதே நுகர்வோர் நலத்துறையின் கையில்தான் இருக்கின்றன. அதில் ஒரு வரி சேர்த்தால் போதும். போன் கம்பெனிகளுக்கு அரசு உத்தரவிடுவதும் புதிதல்ல. செல்போனின் கதிர்வீச்சு அளவு கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2012 செப்டம்பரில் விதித்தது. இன்று பெரும்பாலான போன்களில் *#07# அழுத்தினால் அந்த அளவைப் பார்க்கலாம். 2025 நவம்பர் 28 அன்று அதே துறை, தன் 'சஞ்சார் சாத்தி' என்ற அரசுச் செயலியைப் புதிய போன்களில் 90 நாளுக்குள் ஏற்றச் சொன்னது. எதிர்ப்பு வந்ததும் டிசம்பர் 3 அன்று கட்டாயத்தைக் கைவிட்டது. 90 நாளில் ஒரு செயலியையே ஏற்றச் சொல்ல முடிந்த அரசால், ஒரு தேதியை அச்சிடச் சொல்ல முடியாதா? அந்தத் தேதியும் கியூ.ஆர். கட்டத்துக்குள் ஒளியக் கூடாது. எம்.ஆர்.பி. எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அந்த அளவில், அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அப்டேட் ஏற்கெனவே நின்றுபோன போன் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜிபே, போன்பே, வங்கிச் செயலி ஆகியவற்றை முடிந்தவரை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். வேறு போன் வாங்க வழியில்லை என்றால், பெரிய தொகை இருக்கும் கணக்கை அதில் இணைக்காமல், செலவுக்கு மட்டும் பணம் போட்டுவைக்கும் ஒரு சிறு கணக்கை இணையுங்கள். மெசேஜ் செட்டிங்ஸில் எம்.எம்.எஸ். தானாக இறங்குவதை நிறுத்துங்கள். தேவையில்லாத நேரத்தில் புளூடூத்தை அணைத்துவையுங்கள். பிளே ஸ்டோரில் குரோமையும், செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ'வையும் தவறாமல் அப்டேட் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு 8, 9 உள்ள போன்களுக்கு 2025இல் குரோம் 138ஆம் பதிப்போடு அந்த வழியும் அடைபட்டது. லினியேஜ் போன்ற மாற்று மென்பொருளை ஏற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு, போன் ஆன் ஆகும்போது மென்பொருளை ஏற்றும் 'பூட்லோடர்' என்ற பகுதியின் பூட்டைத் திறக்க வேண்டும். எல்லாக் கம்பெனியும் அனுமதிப்பதில்லை, போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், பிறகு பல வங்கிச் செயலிகள் அதில் வேலை செய்யாது. வங்கிச் செயலிகள் கூகுளிடம் கேட்டுப் பெறக்கூடிய மிகக் கண்டிப்பான பாதுகாப்புச் சான்று ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு உள்ள போன்களில், கடந்த ஒரு வருடத்துக்குள் பாதுகாப்பு அப்டேட் வாங்கியிருந்தால்தான் அது கிடைக்கும். ஆக, கைவிடப்பட்ட போனில் ஒருநாள் செயலியே திறக்க மறுக்கலாம்.

திருமணப் பத்திரிகை, வாகன அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் '.apk' கோப்பைத் தொட்டு நிறுவினால், நேற்று வந்த அப்டேட்கூடக் காப்பாற்றாது. பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன், இந்த மாடல் சந்தைக்கு வந்தது எந்த மாதம், பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம் வரை என்று கேளுங்கள். தெரியாது என்றால் கம்பெனியின் இணையதளத்தை அவர் கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். கிடைத்த தேதியைப் பில்லில், மாடல் பெயருக்குக் கீழே, கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். அந்தத் தேதிக்கு முன்பே அப்டேட் நின்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுக்க அந்த பில் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
செல்போன் மென்பொருள் பழுதுநீக்கும் தொழிலில் உள்ள வாசகர்,
சென்னை – 2