எந்த டிவியிலும் சுடாத துப்பாக்கி: என் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பழைய வீடியோ கேம்களை டிவியில் ஆட நீங்கள் விற்கும் பெட்டியின் துப்பாக்கி வேலை செய்யாதது, மதுரை சர்வீஸ் சென்டரில் நடந்த அவமரியாதை, முழுப் பணத்தையும் திரும்பக் கேட்பது தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

உங்கள் கஸ்டமர் கேருக்கு ஃபோன் போட்டுப் போட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் எடுக்கிறார், நான் ஆதியிலிருந்து எல்லாவற்றையும் சொல்கிறேன், அவர் "லைன்ல இருங்க சார்" என்று பாட்டைப் போட்டுவிட்டுப் போகிறார், பாட்டு முடிவதற்குள் லைன் கட்டாகிவிடுகிறது. மெயில் அனுப்பினால் ஒரு புகார் எண் வருகிறது. கொஞ்ச நாள் கழித்து "உங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது" என்று மெசேஜ் வருகிறது. யார் வந்து எதைத் தீர்த்தார்கள்? பெட்டி என் மேசை மேல் அப்படியே கிடக்கிறது. அந்தத் துப்பாக்கி இன்று வரை ஒரு வாத்தைக்கூடச் சுட்டதில்லை.

எந்தப் பெட்டி என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிவப்பும் வெள்ளையுமாக, இரண்டு கன்ட்ரோலர், ஒரு ஆரஞ்சுத் துப்பாக்கி, எச்டிஎம்ஐ வயர், அட்டையில் "600 கேம்கள், எல்லா டிவியிலும் இயங்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்திலேயே ஒரு சின்னப் பையன் துப்பாக்கியால் வாத்து சுடுகிற படம். 3,499 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பில் இருக்கிறது, ஒரு வருஷ வாரன்ட்டி கார்டும் இருக்கிறது.

எதற்கு வாங்கினேன் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மதுரையில் உங்கள் ஆள் என்னிடம் கேட்ட கேள்வியே அதுதான். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் வீடியோ கேம்? பேரப்பிள்ளைக்கு வாங்கியிருந்தா அவன்ட்ட குடுத்துட்டுப் பேசாம இருங்க." இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் மிக்ஸி ரிப்பேருக்கு வந்திருந்த அம்மா, டோக்கன் வாங்கி நின்ற பையன்கள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை. ஆகியிருந்தாலும் அவருக்கு என்ன? காசு கொடுத்து வாங்கியவனிடம் கேட்கிற கேள்வியா இது?

பள்ளத்தூரில் எங்கள் பெரிய வீட்டில் இந்த வருஷம் படைப்பு, முன்னோருக்குப் படையல் போட்டுக் கும்பிடுவது. பங்காளிகள் எல்லோரும், சிங்கப்பூர், சென்னை, கோயம்புத்தூர் என்று எங்கெங்கோ இருப்பவர்கள், ஒன்றாகக் கூடுவது அதற்குத்தான். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது, 1990களில், மே மாத லீவு முழுக்க அந்த வீட்டில்தான். சிங்கப்பூரிலிருந்து வந்த அம்மான் ஒரு கேம் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். ஜப்பானில் 1983இல் நின்டெண்டோ விட்ட ஃபேமிகாமைப் பார்த்து யாரோ செய்த நகல்தான், ஆனால் எங்களுக்கு அது போதும். வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், சாலிடேர் டிவி. அதன் பின்னால் வயரைச் செருகி, சின்னச் சக்கரத்தைத் திருகித் திருகிச் சேனல் பிடித்தால் இரைச்சலுக்குள்ளிருந்து மாரியோ மெல்ல வருவான். மஞ்சள் கேசட் படம் காட்டாவிட்டால் கழற்றி ஊதிப் போடுவோம். ஊதினால் எச்சில் ஈரம் பட்டுப் கேசட்டின் காலெல்லாம் கறுத்துப்போகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

மாரியோவில் எட்டு உலகம், உலகத்துக்கு நாலு ஸ்டேஜ், மொத்தம் 32. பாதியில் நிறுத்திவிட்டு நாளைக்குத் தொடர வழியே கிடையாது, சேவ் என்பதே அந்த கேமில் இல்லை. எட்டாவது உலகம் வரைக்கும் போய் நிற்கும்போது கரண்ட் போகும். அண்ணன் கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டுத் திண்ணையில் போய்ப் படுத்துக்கொள்வான், சோறு வேண்டாம் என்பான். இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற காண்ட்ரா கேமில் மூன்றாவது ஸ்டேஜ் அருவி. முன்னால் ஏறுகிறவன் வேகமாக ஏறினால் திரை மேலே போய்விடும், பின்னால் வருகிறவன் கீழே மாட்டிச் செத்துப்போவான். அந்த அருவியில் நானும் என் சித்தப்பா மகனும் போட்ட சண்டையை அப்பச்சி (எங்கள் அப்பா) வந்து விலக்கிவிட்டிருக்கிறார். கோபம், அழுகை எல்லாம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அதெல்லாம் எங்கள் நாட்கள்.

துப்பாக்கியால் வாத்து சுடுகிற டக் ஹன்ட் மட்டும் வேறு. அது எங்கள் ஆத்தாவின், அதாவது அம்மாவின் கேம். கன்ட்ரோலரை ஆத்தாவுக்குப் பிடிக்கவே வராது, எந்தப் பட்டன் எதற்கு என்று கேட்டுவிட்டுக் கொடுத்துவிடுவார். துப்பாக்கிக்கு அதெல்லாம் வேண்டாமே. மதியச் சமையல் முடிந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தூணில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுடுவார். ஒரு வாத்து வருகிற ஆட்டத்தில் இன்னொருவர் கன்ட்ரோலரால் வாத்தை ஓட்டலாம் என்று கண்டுபிடித்த பிறகு, ஆத்தா சுடும்போது நாங்கள் வாத்தை மேலும் கீழும் இழுத்துப் போக்குக் காட்டுவோம். அப்படியும் அடித்துவிடுவார். எங்கள் வீட்டில் ஆத்தாவைவிட அதிகம் பாயின்ட் எடுத்தவர் கிடையாது.

இப்போது ஆத்தாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. படைப்புக்கு எல்லோரும் வருகிறோம் என்றதும் அவர்தான் கேட்டார், "அந்த வாத்து சுடுறது இப்பக் கிடைக்குமாடா?" என்று. அதற்காக வாங்கியதுதான் உங்கள் பெட்டி.

படைப்பு அன்று வளவில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, சுவரில் மாட்டிய பெரிய எல்இடி டிவியில் போட்டோம். ஆத்தா சுட்டார். படவில்லை. கிட்டே போய்ச் சுட்டார். படவில்லை. ஒரு வாத்துக்கு மூன்று குண்டு, மூன்றும் போனால் புல்லுக்குள்ளிருந்து அந்த நாய் எழுந்து வாயைப் பொத்திச் சிரிக்கும், உங்களுக்குத் தெரியும். பங்காளி வீட்டு மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லோர் முன்னாலும் அது எங்கள் ஆத்தாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஆத்தா துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத்தான் கை நடுங்குதுடா, கண்ணும் தெரியல" என்று எழுந்து போய்விட்டார். கை நடுங்கியதால் இல்லை என்று நான் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவர் நம்புவதில்லை.

மறுநாள் உங்கள் கஸ்டமர் கேர் பெண் என்ன சொன்னார் தெரியுமா? "கையை ஆட்டாம பிடிக்கச் சொல்லுங்க சார்."

அதற்கப்புறம்தான் அலைச்சல் ஆரம்பித்தது. டிவி வெளிச்சத்தைக் கூட்டச் சொன்னார்கள், கூட்டினேன். ஆறடி தள்ளி உட்காரச் சொன்னார்கள், கேம் மோடில் போடச் சொன்னார்கள், வேறு எச்டிஎம்ஐ துவாரத்தில் செருகச் சொன்னார்கள். ஒருவர் "பழைய பிக்சர் டியூப் டிவியில போடுங்க, ஓடும்" என்றார். சரி என்று இரண்டாங்கட்டு அறையில் கிடந்த பழைய டிவியை இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வந்தோம். அதில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை துவாரம்தான் இருக்கிறது. உங்கள் பெட்டியில் எச்டிஎம்ஐயை விட்டால் வேறு துவாரமே இல்லை. திரும்ப ஃபோன் போட்டால், கன்வெர்ட்டர் வாங்குங்கள் என்கிறார்கள். 650 ரூபாய்க்கு வாங்கினேன். படம் வந்தது, வாத்து பறந்தது, குண்டு படவே இல்லை.

செக்காலை ரோட்டில் பழைய டிவி ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை, அதன் மூக்கில் வெளிச்சத்தைப் பார்க்கிற ஒரு கண் இருக்கிறது, அவ்வளவுதான். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும், உடனே வாத்து இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கியின் கண் முதலில் இருட்டையும் அடுத்ததாக வெள்ளையையும் பார்த்தால் வாத்து விழும். குண்டு பல்புக்கு நேரே பிடித்து ஏமாற்றக் கூடாது என்றுதான் முதலில் அந்தக் கறுப்பு. பிக்சர் டியூப் டிவி படத்தை நொடிக்கு 15,000 கோட்டுக்கு மேல் ஒவ்வொன்றாக வரைகிறது, அந்தத் துடிப்புக்குத் தகுந்த மாதிரிதான் துப்பாக்கியைச் செய்திருக்கிறார்கள். எல்இடி டிவியில் அந்தத் துடிப்பும் இல்லை, படத்தை வாங்கிச் சரிசெய்து கொஞ்சம் தாமதமாகத்தான் காட்டும். கன்வெர்ட்டர் போட்டால் துடிப்பு வந்தாலும் அதுவே படத்தைத் தாமதப்படுத்தும், துப்பாக்கி பார்க்க வேண்டிய கணத்தில் வெள்ளைக் கட்டம் வந்திருக்காது.

உங்கள் பெட்டியிலும் விசையை இழுத்தால் அதே கறுப்பு, அதே வெள்ளைக் கட்டம்தான் வருகிறது. அப்படியானால் அது பழைய டிவிக்கான துப்பாக்கி, புது டிவிக்கான பெட்டி. இரண்டும் சேர்ந்து ஓடுகிற டிவி உலகத்தில் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். டக் ஹன்ட் 1984இல் வந்த கேம். அதன் துப்பாக்கி புது டிவியில் சுடாது என்பது ஊரறிந்த விஷயம், செய்து விற்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தும் அட்டையில் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறீர்கள்.

மதுரைக்கு நான் போனதே உங்கள் ஆட்கள் "துப்பாக்கியை மாத்தித் தருவாங்க, நேர்ல போங்க" என்று சொன்னதால்தான். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாக மாட்டுத்தாவணி, அங்கிருந்து டவுன் பஸ், சித்திரை வெயில், மடியில் உங்கள் பெட்டி. போய்ச் சேர்ந்தால் சாப்பாட்டு நேரம் என்று ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருக்கிறார்கள். அப்புறம் டோக்கன். அப்புறம் அந்த மனிதர். பெட்டியை அங்கே சுவரில் இருந்த எல்இடி டிவியில் மாட்டினார், மெனு வந்ததும் "நல்லாத்தானே ஓடுது" என்று கழற்றப் போனார். சுட்டுக் காட்டுங்கள் என்றேன். அவரே சுட்டார், ஒன்றும் படவில்லை, நாய் சிரித்தது. அவர் முகம் மாறிவிட்டது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். பிறகு "இது பொம்மை கேட்டகிரி, எங்களுக்கு வராது" என்று வாரன்ட்டி கார்டை மேசை மேல் தள்ளிவிட்டார். சர்வீஸ் சென்டர் பட்டியலில் அந்த முகவரியைப் போட்டது நீங்கள்தானே? ஒரு நாள் கூலி, பஸ் செலவு, மானம், எல்லாம் போயிற்று.

துப்பாக்கியை விடுங்கள், மற்றதாவது ஒழுங்கா? பட்டனை அழுத்திக் கண நேரம் கழித்துத்தான் மாரியோ குதிக்கிறான், அதற்குள் குழியில் விழுந்துவிடுகிறான். இதே டிவியில் மற்ற கேம் பெட்டிகள் இப்படிச் செய்வதில்லை. 600 கேம் என்கிறீர்கள், பட்டியலைத் திறந்தால் மாரியோவே வேறு வேறு பெயரில், வேறு வேறு உலகத்தில் தொடங்கித் திரும்பத் திரும்ப வருகிறது. சிறுவயதில் மஞ்சள் கேசட்டுக்காரர்கள் செய்த அதே வேலை.

என் நஷ்டம் 3,499 ரூபாய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் அண்ணன் அடுத்த படைப்புக்குத்தான் இனி சிங்கப்பூரிலிருந்து வருவான், அதற்கு எத்தனை வருஷமோ. ஆத்தா அதுவரை எங்களோடு இருக்க வேண்டும் என்று பிள்ளையார்பட்டியில் வேண்டிக்கொண்டுதான் வருகிறேன். அந்த ஒரு சாயங்காலத்துக்கு விலை போட்டால் உங்கள் கம்பெனியை விற்றாலும் கட்டாது.

இன்னமும் மரியாதையாகத்தான் கேட்கிறேன். பெட்டிக்கான முழுப் பணம், கன்வெர்ட்டர் செலவு, மதுரை போய்வந்த செலவு, இவ்வளவும் என் கணக்குக்கு வர வேண்டும். வேறு பெட்டி வேண்டாம், கூப்பன் வேண்டாம். பெட்டியை உங்கள் செலவில் கூரியர் அனுப்பிக் காரைக்குடியில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், நான் இன்னொரு தடவை எந்தக் கவுன்டரிலும் வந்து நிற்க மாட்டேன். இந்தத் துப்பாக்கி இப்போதைய டிவிகளில் வேலை செய்யாது என்று எழுத்தில் ஒரு பதில் வேண்டும், ஆத்தாவிடம் படித்துக் காட்டுவதற்கு. இனி விற்கிற அட்டையில் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். மதுரைக்காரர் பேசியதற்கு உங்கள் தரப்பிலிருந்து வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமும் கிடையாது. அட்டைப் படமே எனக்குப் போதுமான சாட்சி. அந்த நிலைமைக்குக் கொண்டுபோக மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பில், வாரன்ட்டி கார்டு, அட்டையின் படம், பெட்டியின் பின்பக்கத் துவாரங்களின் படம், கன்வெர்ட்டர் ரசீது, மதுரை டோக்கன் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். ஃபோன் செய்ய வேண்டாம், பதிலை எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
காரைக்குடி.