நாவலப்பிட்டியில் கிடைத்த கோச்சி

ஹட்டன்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதமும் பேத்தியின் படமும் கிடைத்தன. பிள்ளை அப்படியே உன் அம்மாவின் சாயல். இங்கே எல்லோரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை. அதை உனக்குச் சொல்லவும் வேண்டுமா?

இங்கிலாந்தின் பழைய ஹோர்ன்பி கோச்சிகளை, அதுதான் அந்த விளையாட்டு ரயில்களை, சேர்க்கத் தொடங்கியிருக்கிறாய் என்று வாசித்ததும் சிரிப்பு வந்தது. நாம் மீன் டின்னை நூலில் கட்டி, லயத்து வாசலில் 'கூ' என்று இழுத்துத் திரிந்த ஆட்கள்தானே! நம்ம பக்கத்துக் கடைகளில் ஏதும் கிடக்குமா என்று கேட்டிருந்தாய். அதற்கென்றே ஒரு கடை இந்தப் பக்கம் நான் கண்டதில்லை. மணிக்கூடு திருத்துகிறவரின் மேல்தட்டு, பழைய தளபாடக் கடையின் மூலை, போத்தல் இரும்பு வாங்குகிறவரின் சாக்கு, இங்கெல்லாம் தேட வேண்டும். நுவரெலியாவில் 'அன்டீக்' என்று பலகை போட்ட இடங்களுக்கு நான் போவதில்லை. சுற்றுலா வருகிறவர்களுக்குச் சொல்லும் விலையைத்தான் நமக்கும் சொல்வார்கள்.

இதெல்லாம் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் தங்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த சாமான்களாகத்தான் இருக்கும். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு, மிஞ்சியிருந்த வெள்ளைக்காரத் துரைமாரும் கிளம்பிவிட்டார்கள். கொண்டுபோகாமல் விட்டவை பங்களாவில் சமைத்த அப்புமார் வீட்டிலும் கிளாக்கர்மார் வீட்டிலும் தங்கி, இப்போது பேரப்பிள்ளைகள் வீடு துப்புரவு செய்யும்போது கடைக்கு வருகின்றன.

போன மாதம் நாவலப்பிட்டியில் மணிக்கூட்டுக் கடை நானா ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வைத்தார். உள்ளே மூன்று நான்கு சரக்குப் பெட்டிகளோடு ஒரு கறுப்பு டாங்க் எஞ்சின் (தண்ணீர்த் தொட்டியைத் தன் உடம்பிலேயே சுமக்கிற வகை), 69567 இலக்கம். பக்கவாட்டில் சக்கரத்தின் மேல் நிற்கிற சிங்கம், பிரிட்டிஷ் ரயில்வேயின் பழைய சின்னம். ஹோர்ன்பியின் சின்ன அளவு ரகமான டப்ளோ! நான் எப்போதும் சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருப்பேன். எஞ்சின் உடலில் அது ஒட்டவில்லை. துத்தநாகக் கலவை வார்ப்பு, ஒட்டாது. டின்னில் இருந்த ஒரு தகரப் பெட்டியில் டக்கென்று ஒட்டியது. அதன் கூரை முழுக்கக் கறள். நம் ஊர் ஈரத்துக்குத் தகரம் தாங்காது. வார்ப்புக்கு வேறொரு வியாதி உண்டு. கலவையில் ஈயம் கலந்துவிட்டால் பல வருடம் கழித்து உள்ளேயிருந்தே உப்பி வெடிக்கும். மயிரிழை வெடிப்புகூட இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"ஓடுமா நானா?" என்று கேட்டேன். "கனத்தைப் பாருங்க சேர், ஓடாம எங்க போகும்?" என்றார். அவருடைய மோட்டார்சைக்கிள் பற்றரியிலிருந்து இரண்டு வயர் இழுத்து, ஒன்றை அடியில் இருக்கிற தகட்டிலும் மற்றதைச் சக்கரத்திலும் தொட்டோம். அசையவில்லை. எண்ணெய் பிசினாய் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, ஒரு சொட்டுத் தையல் மெசின் எண்ணெய் விட்டு மறுபடி தொட்டதும் பொறி பறந்து, சக்கரம் கிர்ரென்று சுற்றியது. அதோடு நானா விலையைக் கூட்டிவிட்டார்! கடைசியில் டின்னோடு 12,000 ரூபாய்க்கு முடித்தோம்.

உன் கராஜில் தெமோதரை வளைவை, பாதை சுற்றி வந்து தன் ஸ்டேஷனுக்கே அடியில் போகிற அந்த இடத்தை, செய்யப்போவதாக எழுதியிருந்தாய். தாராளமாகச் செய். ஆனால் கணக்குப் பார்க்காதே. டப்ளோவில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 16.5 மில்லிமீற்றர், எஞ்சின் உடலோ அசலில் 76இல் ஒரு பங்கு. அந்தக் கணக்குக்கு இங்கிலாந்துப் பாதையே அதில் சரியாக வராது, ஒடுங்கிவிடும். நம்முடைய ஐந்தடி ஆறங்குலப் பாதைக்கோ 22 மில்லிமீற்றர் வேண்டும். ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் கோச்சி போய் வந்தால் போதும். யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்? அளவு பார்க்கிற ஆசை வந்தால் ஊருக்கு வரும்போது கடுகண்ணாவைக்குக் கூட்டிப்போகிறேன். 2014இல் திறந்த ரயில் நூதனசாலையில் அசல் எஞ்சின்களே நிற்கின்றன.

அப்புறம், உன்னிடம் உள்ள பழைய எஞ்சினுக்குப் புதுப் பெயின்ற் அடிக்கப்போகிறாயாம். வேண்டாம் மச்சான். ஒரு பிள்ளை விளையாடித் தேய்த்த இடம் அப்படியே இருக்கட்டும். சேர்ப்பவர்கள் பழைய பெயின்ற்றுக்குத்தான் விலையும் கொடுப்பார்கள்.

எனக்கு ஒரு உதவி செய். டப்ளோவில் இரண்டு தண்டவாள முறை 1959இல்தான் வந்தது. என்னுடையது அதற்கு முந்திய வகை, நடுவில் மூன்றாவது தண்டவாளம் வேண்டும். இரண்டு தண்டவாளப் பாதையில் வைத்தால் அதன் உலோகச் சக்கரமே மின்சாரத்தை ஷோட்டாக்கிவிடும். அங்கே பழைய சாமான் சந்தைகளில் மூன்று தண்டவாள வகை கண்ணில் பட்டால், ஒரு வட்டம் வருமளவுக்கு வளைந்த துண்டுகளும் மோட்டருக்கு ஒரு ஜோடி கரி பிரஷும் வாங்கி வை. தபாலில் போடாதே. டிசம்பரில் உன் மச்சினன் வருகிறான்தானே, அவன் பையில் வைத்துவிடு. காசை இங்கே உன் தங்கச்சியிடம் கொடுத்துவிடுகிறேன். நேர்த் துண்டுகள் வேண்டாம், என் மேசை சின்னது.

அன்புடன்,
உன் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி