புதினாவுக்குப் போட்ட யூரியா

சுங்கை சிப்புட்

அன்பு நண்பன் மாரிமுத்துவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை இரண்டு முறை வாசித்து மகிழ்ந்தோம். வாரந்தோறும் ஒரு பிடி யூரியா போட்டு ஆள் உயரத்துக்கு வளர்த்த கறிவேப்பிலை, தாளிக்கும்போது மணப்பதே இல்லை என்று தங்கச்சி குறைப்படுவதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் சென்ற ஆண்டு நானும் அதே தவற்றைச் செய்தேன்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு உரம் போட்டே முப்பது ஆண்டுகளைக் கழித்த கை, வீட்டுக்குப் பின்னால் நட்ட புதினாவுக்கும் அதே தாராளத்தைக் காட்டியது. இரண்டே வாரத்தில் இலைகள் வெற்றிலை போல் அகன்று கரும்பச்சையாகத் தழைத்தன, துவையல் அரைத்த அன்று, "புல்லையா அரைத்துத் தின்கிறோம்?" என்று என் மனைவி கேட்டாள்.

செம்பனையில் நமக்கு வேண்டியது குலையின் எடை; புதினாவில் வேண்டியதோ இலையின் மேலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் தங்கும் எண்ணெய். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன், அதாவது தழைச்சத்து. அது பச்சையத்தையும் புரதத்தையும் பெருக்கி இலையை விரைவாக வளர்க்கும். ஆனால் நம் புதினாவுக்கு மணம் தரும் கார்வோனிலும், துளசியிலும் கிராம்பிலும் உள்ள யூஜினாலிலும் நைட்ரஜன் அணு ஒன்றுகூட இல்லை. வெயிலில் இலை சமைக்கும் சர்க்கரையிலிருந்தே அவை உருவாகின்றன. ஆகவே இலை நீர்கோத்துப் பெருக்கும் வேகத்துக்கு எண்ணெய் ஈடுகொடுக்க முடியாமல் மணம் நீர்த்துப்போகிறது. சோற்றுக்கும் பலகாரத்துக்கும் மணமூட்டும் பாண்டான் இலை மட்டும் வேறு கணக்கு: பாஸ்மதி அரிசிக்கும் அதற்கும் பொதுவான அந்த மணப்பொருளில் நைட்ரஜன் உண்டு என்பதால், அதற்கு நான் உரத்தைக் குறைக்கவில்லை.

கோபத்தில் புதினாவுக்கு உரத்தை அடியோடு நிறுத்தியதும் தவறாகவே முடிந்தது. மணம் சுள்ளென்று ஏறியது உண்மைதான். ஆனால் அடியிலைகள் மஞ்சளாகி, ஒரு வேளைத் துவையலுக்குக்கூட இலை தேறவில்லை. இப்போது நடும்போதே மக்கிய ஆட்டுப்புழுக்கையை மண்ணில் கலந்துவிட்டு, மாதம் ஒருமுறை, தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சம அளவில் உள்ள 15-15-15 கலப்பு உரத்தில் அரைத் தேக்கரண்டியைத் தண்டிலிருந்து தள்ளித் தூவுகிறேன். பறிப்பதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் எதுவும் போடுவதில்லை. பூ வைக்கும் முன்பே, காலையில் பனி உலர்ந்ததும் கிள்ளிவிடுகிறோம்.

கொத்தமல்லி பூத்துக் கெடுவதற்கு உரத்தைக் குறை சொல்லாதே. அது கேமரன் மலைக் குளிரில் நிதானமாக வளரும். நம் ஊர் வெக்கையில் இலை கொடுக்கும் முன்பே பூத்துவிடும்.

உன் கறிவேப்பிலைக்கு யூரியாவை நிறுத்து. அதன்மேல் நிழல் விழச்செய்யும் ரம்புத்தான் கிளையை வெட்டி, மரத்தையும் இடுப்பளவுக்குக் கவாத்து செய். தங்கச்சி புளித்த மோர் ஊற்றுவதைத் தடுக்காதே. அதிலுள்ள தழைச்சத்து சொற்பம், அதுவும் மெதுவாகவே வேருக்குச் சேரும். நம் பாட்டிமார் கை யூரியாப் பிடியைவிட நிதானமானது.

தீபாவளிக்கு லுனாசிலிருந்து வரும்போது புதுத் தளிரில் ஒரு கொத்து ஒடித்து வா. என் மனைவியே முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும்.

அன்புடன்,
கோவிந்தன்