பலகைக்குக் கீழே என்ன?

அன்பு மகளுக்கு,

நீ போடப்போகும் மரமேடைக்கென்று அனுப்பிய நான்கு படங்களையும் அம்மாவும் நானும் பார்த்தோம். நான்கிலும் பலகையின் நிறம்தான் இருக்கிறது. அம்மாவுக்குத் தேன் நிறம் பிடித்திருக்கிறது. எனக்கு எதுவானாலும் சரி. எந்த மரமானாலும் எண்ணெய் பூசாமல் விட்டால் வெயிலும் மழையும் சேர்ந்து சாம்பல் நிறமாக்கிவிடும். ஆனால் பலகைக்குக் கீழே, அதைத் தாங்க என்ன சட்டம் போடப் போகிறாய் என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கொல்லைப்புறத்தில் நான் ஒரு மரமேடை போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? பலகை நல்ல வைரம் பாய்ந்த மரம். கீழே போவதுதானே என்று சட்டத்துக்குக் கிடைத்த மரத்தைப் போட்டேன். மூன்றாவது மழைக்காலத்தில் ஒரு மூலை தொப்பென்று இறங்கிவிட்டது. பிரித்துப் பார்த்தால் பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டத்தில் ஆணி இறங்கிய இடமெல்லாம் கறுத்துப்போய், கிள்ளினால் ஈர அட்டை மாதிரி கையோடு வந்தது. மரம் நனைந்தாலும் காய்ந்துவிட்டால் தப்பித்துக்கொள்ளும். பலகையும் சட்டமும் ஒட்டிக்கிடக்கிற இடத்தில் தண்ணீர் தங்கினால் காய வழியே இல்லை, பூஞ்சை பிடித்துவிடும்.

அதனால் சட்டத்துக்கும் தூணுக்கும், பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து ஏற்றிய பைன் மரம் வாங்கு. மண்ணைத் தொடும் இடத்துக்கென்று தனித் தரம் உண்டு, கேட்டு வாங்கு. தூணைக் கான்கிரீட்டுக்குள் புதைக்காதே. கான்கிரீட்டுக்கு மேலே இரும்புக் காலணி, அதாவது தூணின் அடியைப் பிடித்துக்கொள்ளும் தாங்கி, வைத்து அதில் நிறுத்து. இப்போது வரும் மருந்தில் பெரும்பாலும் செம்பு இருக்கும். சாதாரண ஆணியை அது அரித்துவிடும். துத்தநாகக் குழம்பில் முக்கியெடுத்த திருகாணியோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடு. இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதே. அறுத்த முனைகளில் உள்மரம் வரைக்கும் மருந்து போயிருக்காது. தூரிகையால் மருந்து தடவிவிடு. தண்ணீர் இறங்காமலிருக்கச் சட்டத்தின் மேல்முகத்தில் ஒட்டுவதற்கென்றே ஒரு நாடா விற்கிறார்கள், அதையும் ஒட்டிவிடு. என் காலத்தில் எனக்கு அது தெரியாது. மிஞ்சும் துண்டுகளை மட்டும் எரித்துவிடாதே, புகை விஷம்.

இனி பலகைக்கு வருகிறேன். மாப்பிள்ளை மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த காம்போசிட் பலகை கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். எண்ணெய் பூசுகிற வேலை மிச்சம், உண்மைதான். ஆனால் வெயிலில் நன்றாகச் சூடேறும், அதுவும் கருநிறம் என்றால் கேட்கவே வேண்டாம். பேரன் செருப்பு போடுகிற பிள்ளையா என்ன? மாதிரித் துண்டு ஒன்றை வாங்கி உச்சிவெயிலில் ஒரு மணி நேரம் போட்டுவிட்டு உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மாப்பிள்ளையையே வைக்கச் சொல். அந்தப் பலகை மரத்தைவிட வளையும், அதனால் சட்டங்களை நெருக்கிப் போட வேண்டும்: பொதுவாக 40 சென்டிமீட்டருக்கு ஒன்று, பலகை குறுக்குச்சாய்வாக ஓடினால் 30. சூட்டில் நீளவாக்கில் விரியும் என்பதால் முனைகளில் இடைவெளி வேண்டும், எவ்வளவு என்று தயாரிப்பாளரின் தாளில் போட்டிருக்கும்.

சீடர் (cedar) மரம் அழகுதான், ஆனால் மென்மையானது, நாற்காலிக் கால் பட்டாலே தடம் விழும். அதிலும் வைரப்பகுதிதான் தாங்கும். ஓரத்தில் மரம் வெளிறித் தெரிகிற பலகையை ஒதுக்கிவிடு. ஐப்பே என்று எழுதியிருந்தாயே, அது பெரும்பாலும் தண்ணீரில் போட்டால் மூழ்குகிற அளவுக்குக் கெட்டியான மரம். ஒவ்வொரு திருகாணிக்கும் முதலில் துளை போட்டாக வேண்டும். உன் கையில் இருக்கிற துளையிடும் இயந்திரத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

மேல்பலகைக்கும் மருந்து ஏற்றிய மரமே போதும் என்று தோன்றினால், ஈரமாக வருகிற பலகையை நெருக்கியே அடித்துவிடு, காயும்போது தானே சுருங்கி இடைவெளி விட்டுவிடும். காய்ந்த பலகை என்றால் ஒரு ஆணியின் தடிமனுக்கு இடைவெளி விடு.

சட்டம் அடித்து முடிந்ததும், பலகை போடுவதற்கு முன்னால், நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. தூண்களின் அடிப்பகுதியும் தெரியட்டும். அதற்கப்புறம் நிறத்தைப் பற்றி நீயும் அம்மாவும் பேசிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அப்பா